அருளாளர்களின் உடல், மன வேதனைகள் (கடலூர் – சிதம்பரம் வட்டாரம்)

இறைக்காட்சியோ இறைவாக்கோ பெற்றவர்களாகப் போற்றப்படும் அருளாளர்கள், அந்த அனுபவத்திற்கு முன்னும் பின்னும் அடைந்த நோய், நடுக்கம், சோர்வு, அழுகை, உறக்கமின்மை போன்றவற்றைச் சமய நூல்கள் விரிவாகப் பதிவு செய்துள்ளன. எபிரேய மறைநூலில் வரும் தீர்க்கதரிசிகளின் வரலாறுகள் இதற்கு உலகப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டுகள் ஆகும். தமிழகத்தில் இத்தகைய பதிவுகள் செறிந்துள்ள பகுதிகளுள் ஒன்று கடலூர் – சிதம்பரம் வட்டாரம். திருவதிகையில் சூலை நோயால் துடித்த திருநாவுக்கரசர், தில்லையில் தீப்புகுந்த நந்தனார், உருகி அழுத மாணிக்கவாசகர், வடலூரில் பிற உயிர்களின் துன்பத்தைக் கண்டு நடுங்கிய இராமலிங்க அடிகள் ஆகியோர் இப்பகுதியோடு தொடர்புடையவர்கள்.

இரு மரபுகளும் காலத்தாலும் கொள்கையாலும் வேறுபட்டவை. இருப்பினும் அருள் அனுபவம் உடலுக்கு இன்பம் தரும் பரிசாக மட்டும் இவற்றில் காட்டப்படவில்லை. அது ஒரு சுமையாகவும் காட்டப்படுகிறது. அச்சுமையைத் தாங்கியவருக்கு யார் துணை நின்றார்கள் என்பதையும் இந்நூல்கள் பெரும்பாலும் மறவாமல் கூறுகின்றன.

சொல்லும் பொருளும்

எபிரேய மொழியில் 'மஸ்ஸா' என்ற சொல்லுக்குத் தூக்கிச் செல்லும் சுமை என்பது ஒரு பொருள். இறைவாக்கு என்பது மற்றொரு பொருள். எரேமியாவின் நூலில் இவ்விரு பொருளையும் வைத்துச் சொல்விளையாட்டே அமைந்துள்ளது. சீர்திருத்தத் திருச்சபையினர் பயன்படுத்தும் பழைய தமிழ் வேதாகமம் இச்சொல்லைப் 'பாரம்' என்றே பெயர்த்துள்ளது. தரங்கம்பாடி அச்சகத்தில் 1728-ஆம் ஆண்டில் பழைய ஏற்பாடு தமிழில் அச்சாகி நிறைவு பெற்றது. அதன்பின் ஏசாயா, எரேமியா, எசேக்கியேல் முதலிய பெயர்கள் தமிழ் வாசகர்களுக்கு அறிமுகமாயின. இவர்களைச் சீர்திருத்தத் திருச்சபையினர் 'தீர்க்கதரிசிகள்' என்றும் கத்தோலிக்கர் 'இறைவாக்கினர்' என்றும் அழைப்பர்.

தமிழில் 'மெய்' என்ற சொல் உடலையும் குறிக்கும், உண்மையையும் குறிக்கும். உள்ளத்தில் தோன்றும் உணர்வு உடலின் வழியே வெளிப்படுவதைத் தொல்காப்பியம் 'மெய்ப்பாடு' என்கிறது. பொருளதிகாரத்தில் இதற்கென்றே மெய்ப்பாட்டியல் என்னும் தனி இயல் உண்டு. அழுகை, மருட்கை, அச்சம் ஆகியன அங்குக் கூறப்படும் எட்டு மெய்ப்பாடுகளுள் அடங்கும். கண்ணீரும் மயிர்க்கூச்செறிதலும் நடுக்கமும் உள்ளே நிகழ்வதற்குச் சான்றுகள் என்ற இக்கருத்து, பிற்காலப் பக்தி இலக்கியத்தைப் புரிந்துகொள்ளப் பெரிதும் உதவுகிறது.

இக்கருத்து ஏட்டில் மட்டும் உள்ளதன்று. கடலூர் மாவட்டச் சிற்றூர்களில் திருவிழாக் காலத்தில் அருள் வந்து ஆடும் சாமியாடியை மக்கள் இன்றும் காண்கின்றனர். சாமி 'மலையேறியதும்' ஆடியவர் தளர்ந்து விழுவார். அருகில் நிற்பவர்கள் தாங்கிப் பிடித்து, முகத்தில் தண்ணீர் தெளித்து, குடிக்கக் கொடுப்பார்கள். அருள் வந்தவர் தனித்து விடப்படக் கூடாது என்பது ஊர் அறிந்த நடைமுறை.

எபிரேய மறைநூலில்

ஏசாயா: கி.மு. எட்டாம் நூற்றாண்டில் எருசலேமில் வாழ்ந்தவர். உசியா மன்னன் இறந்த ஆண்டில் கோயிலில் இறைவனைக் கண்டதாகக் கூறும் இவர், மகிழ்ச்சி அடையவில்லை. தாம் அழிந்தோம் என்று அலறினார். எரியும் தழல் ஒன்று அவர் உதட்டைத் தொட்ட பின்னரே பேசும் தகுதி பெற்றார். பாபிலோனின் வீழ்ச்சியைக் காட்சியில் கண்டபோது, பிரசவ வலி கண்ட பெண்ணைப் போல் இடுப்பில் வேதனை பிடித்ததாகவும் இதயம் தடுமாறியதாகவும் கூறுகிறார். வீழப்போவது பகை நாடாயினும் அதன் அழிவைக் கண்டவரின் உடல் மகிழவில்லை. வரப்போகும் சிறையிருப்பின் அடையாளமாக மூன்று ஆண்டுகள் ஆடையும் காலணியும் இன்றி அவர் நடந்ததாகவும் நூல் கூறுகிறது.

எரேமியா: கி.மு. 627 அளவில் இளம் வயதிலேயே அழைப்புப் பெற்றவர். திருமணம் செய்துகொள்ளக் கூடாது என்று இவருக்குக் கட்டளையிடப்பட்டது. தாம் சொல்லும் செய்தியை மக்கள் வெறுத்ததால் பேசாமல் இருந்துவிட முயன்றார். அடக்கிய சொல் எலும்புகளுக்குள் நெருப்பாக எரிந்ததாகவும் அதைத் தாங்க இயலாமல் மீண்டும் பேசியதாகவும் குறிப்பிடுகிறார். பிறந்த நாளையே சபித்தார். தொழுமரத்தில் மாட்டப்பட்டார், சேறு நிறைந்த குழியில் இறக்கப்பட்டார். அவருடைய சொற்களை எழுதிய பாருக் என்பவரும் இளைப்பாற இடமின்றித் தவிப்பதாகப் புலம்பினார்.

எசேக்கியேல்: கி.மு. 593 அளவில், பாபிலோனில் சிறைப்பட்டவர்களிடையே வாழ்ந்தபோது காட்சி பெற்றவர். முதற் காட்சிக்குப்பின் ஏழு நாள் திகைத்து அமர்ந்திருந்தார். நாக்கு மேல்வாயில் ஒட்டிக்கொண்டு பேச்சிழந்தார். எருசலேமின் முற்றுகையைக் காட்டும் அடையாளமாக 390 நாள் இடப்பக்கமும் 40 நாள் வலப்பக்கமும் சாய்ந்து படுக்கப் பணிக்கப்பட்டார். அந்நாட்களில் அவருக்கு அளந்து விதிக்கப்பட்ட உணவு நாளொன்றுக்கு 20 சேக்கல் எடை. இன்றைய அளவில் ஏறத்தாழ 230 கிராம். மனைவி திடீரென இறந்தபோது வாய்விட்டு அழவும் அவருக்கு அனுமதி இல்லை. நகரம் வீழும்போது மக்களும் அழ முடியாமல் நிற்பார்கள் என்பதற்கு அவரே அடையாளம் ஆக்கப்பட்டார்.

தானியேல், ஆபகூக்: தானியேல் நூல் எபிரேய மரபில் தீர்க்கதரிசன நூல்களின் தொகுதியில் அன்றி 'எழுத்துக்கள்' என்னும் தொகுதியில் வைக்கப்பட்டுள்ளது. காட்சிக்குப்பின் தானியேல் சோர்ந்து சில நாள் நோயுற்றுக் கிடந்ததையும், முகம் வெளிறியதையும், வலுவிழந்து தரையில் விழுந்ததையும் அந்நூல் கூறுகிறது. ஆபகூக் தம் வயிறு குலுங்கியதையும் உதடு துடித்ததையும் கால்கள் நடுங்கியதையும் பாடியுள்ளார்.

எலியா: அரசி யேசபேலின் கொலை மிரட்டலுக்கு அஞ்சிப் பாலைவனத்திற்கு ஓடியவர். ஒரு சூரைச்செடியின் கீழ் அமர்ந்து, வாழ்ந்தது போதும் என்று சாவை வேண்டி உறங்கிப் போனார். வந்த தூதன் அவரைக் கண்டிக்கவில்லை, அறிவுரையும் கூறவில்லை. தட்டி எழுப்பிச் சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்தான். அவர் உண்டு மீண்டும் உறங்கினார். இரண்டாம் முறையும் எழுப்பி உணவளித்த பின்னரே, பயணம் நெடியது என்று அவரிடம் கூறப்பட்டது. அதன்பின் 40 நாள் நடந்து ஓரேப் மலையை அடைந்தார்.

எலியாவின் தூதனைப் போன்ற துணை பிற வரலாறுகளிலும் உண்டு. மக்களின் சுமை தாங்காமல் சாவை வேண்டிய மோசேக்கு, அச்சுமையைப் பகிர 70 மூப்பர்கள் நியமிக்கப்பட்டனர். தரையில் விழுந்த தானியேலை ஒரு கை தொட்டுத் தூக்கியது. எரேமியாவைக் குழியிலிருந்து மீட்டவர் எத்தியோப்பியரான எபெத்மெலேக்கு. கயிறு உரசி அக்குள் புண்ணாகாதபடி, பழந்துணிகளை இடையில் வைத்துக்கொள்ளச் சொல்லி அவரைத் தூக்கினார். ஒரு நாட்டின் அழிவைப் பேசும் நூல் இந்தக் கந்தல் துணிகளையும் மறவாமல் குறித்துள்ளது.

திருநாவுக்கரசரின் சூலை நோய்

கி.பி. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த திருநாவுக்கரசர், பண்ருட்டிக்கு அருகிலுள்ள திருவாமூரில் புகழனார், மாதினியார் இணையர்க்குப் பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் மருள்நீக்கியார். பெற்றோர் இருவரும் இறந்தனர். தமக்கை திலகவதியாருக்கு மணம் பேசப்பட்டிருந்த கலிப்பகையாரும் போரில் மாண்டார். தாமும் உயிர்விடத் துணிந்த திலகவதியார், தம்பிக்காக உயிர் தாங்கினார் என்று பெரியபுராணம் கூறுகிறது.

மருள்நீக்கியார் சமணம் சார்ந்து, தருமசேனர் என்ற பெயருடன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளியில் தலைமை பெற்றார். இவ்வூர் கடலூரின் ஒரு பகுதியான திருப்பாதிரிப்புலியூர் என்று ஆய்வாளர்கள் அடையாளம் காண்கின்றனர். அங்கு அவரைக் கொடிய வயிற்றுவலியான சூலை பற்றியது. மந்திரித்த நீர், மயிற்பீலியால் தடவுதல் ஆகிய முறைகள் பயன்தரவில்லை. சமையற்காரரைத் தமக்கையிடம் அனுப்பினார். சமணப் பள்ளிக்குத் தாம் வர இயலாது என்று திலகவதியார் மறுத்துவிட்டார். தருமசேனர் வெள்ளாடை உடுத்து, இரவோடு இரவாகத் திருவதிகைக்கு நடந்து, தமக்கையின் காலில் விழுந்தார். தமக்கை திருநீறு அளித்து, விடியலுக்குமுன் வீரட்டானேசுவரர் கோயிலுக்கு அழைத்துச் சென்றார்.

அங்குப் பாடியதாகக் கருதப்படும் பதிகம் நான்காம் திருமுறையின் தொடக்கத்தில், கொல்லிப் பண்ணில் அமைந்துள்ளது. பெரியபுராணம் இந்நிகழ்ச்சிக்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகளுக்குப் பிந்தியது. எனவே அதன் ஒவ்வொரு விவரத்தையும் வரலாறாகக் கொள்வதில் ஆய்வாளர்களிடையே தயக்கம் உண்டு. எனினும் குடலை முடக்கும் வலியைப் பற்றி அப்பதிகமே நேரடியாகப் பேசுகிறது. தாம் அறியாமல் செய்த பிழை என்ன என்று கேட்பதும், இனித் தாங்க முடியாது என்று முறையிடுவதும் அதில் திரும்பத் திரும்ப வருகின்றன. தத்துவ விளக்கத்துடன் தொடங்காமல் ஒரு நோயாளியின் முறையீட்டோடு அவருடைய பாடல் வாழ்வு தொடங்குகிறது.

இங்குக் காட்சிக்குப்பின் நோய் வரவில்லை. நோயே அழைப்பாக வருகிறது. தம்பியைச் சூலை கொடுத்து ஆட்கொள்வதாகச் சிவபெருமான் திலகவதியாரின் கனவில் கூறினார் என்பது பெரியபுராணச் செய்தி. ஆனால் வலியில் துடித்தவருக்கு அது தெரியாது. அவருக்குத் தெரிந்தது தமக்கை இருக்கும் இடம் மட்டுமே.

சமயம் மாறியதற்காகப் பல்லவ மன்னன் அவரை நீற்றறையில் இட்டதும், நஞ்சூட்டியதும், யானையை ஏவியதும், கல்லில் கட்டிக் கடலில் எறிந்ததும் புராணத்தில் அடுத்து வருகின்றன. அவர் கரையேறிய இடமாகக் கடலூரை அடுத்த கரையேறவிட்டகுப்பம் சுட்டப்படுகிறது. சித்திரை மாதத்தில் இந்நிகழ்ச்சி திருப்பாதிரிப்புலியூர்க் கோயில் விழாவாகக் கொண்டாடப்படுகிறது.

இரண்டு நிகழ்ச்சிகள் ஏசாயாவின் வரலாற்றோடு ஒப்பிடத்தக்கவை. பெண்ணாகடத்துத் திருத்தூங்கானைமாடக் கோயிலில், சமணத்தில் தோய்ந்த உடலோடு வாழ மனமின்றி, சூலம், இடபம் ஆகிய குறிகளைத் தம் தோளில் பொறிக்குமாறு நாவுக்கரசர் வேண்டினார். ஏசாயாவின் உதட்டைத் தழல் தொட்டது போல, இங்கும் முன்னைய வாழ்வின் மாசு உடலில் இடும் குறியால் நீங்குகிறது. மற்றொன்று முதுமையில் மேற்கொண்ட கயிலைப் பயணம். நடந்து பாதம் தேய்ந்தது, கைகளால் ஊன்றிச் சென்று கைகள் தேய்ந்தன, மார்பால் ஊர்ந்து மார்பு தேய்ந்தது, பின்னர் உருண்டார். முனிவர் வடிவில் வந்த இறைவன் அவரை மேலும் செல்ல விடாமல் தடுத்தார். ஒரு பொய்கையில் மூழ்கச் செய்து, திருவையாற்றில் எழச் செய்தார். கயிலைக் காட்சி அங்கே கிடைத்தது. உடலை முற்றிலும் அழித்துக்கொண்டுதான் காட்சி பெற வேண்டும் என்ற எண்ணத்தைப் புராணம் ஏற்கவில்லை என்பது இதனால் புலனாகும்.

நந்தனாரின் தீப்புகுதல்

காட்டுமன்னார்கோயில் பகுதியிலுள்ள ஆதனூரைச் சேர்ந்தவர் திருநாளைப்போவார் எனப்படும் நந்தனார். கோயில்களுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும் அளிக்கும் தொண்டு செய்தார். சாதியின் காரணமாகத் தில்லைக்குள் நுழைய அஞ்சி, ஊர் எல்லையிலேயே நாட்கணக்கில் வலம் வந்து ஏங்கி உறங்கினார். கனவில் தோன்றிய இறைவன் தீயில் மூழ்கி எழுந்து வருமாறு பணித்ததாகவும், தில்லைவாழ் அந்தணர் தீ வளர்த்ததாகவும், அவர் முனிவர் உருவுடன் எழுந்து சென்று மறைந்ததாகவும் பெரியபுராணம் கூறுகிறது.

இவ்வட்டாரத்து வரலாறுகளுள் மிகக் கடுமையானது இது. நாவுக்கரசருக்குத் தமக்கை இருந்தார். எலியாவுக்குத் தூதன் இருந்தான். தில்லை எல்லையில் நின்ற நந்தனாருக்குக் கை கொடுத்த மனிதர் எவரும் கதையில் இல்லை. அவருடைய வேதனைக்குக் காரணம் காட்சியன்று. காட்சிக்கும் அவருக்கும் இடையே நின்ற சமூகத் தடை. எனவேதான் நவீன காலத்து வாசகர்கள் பலர் இதனைப் பக்தியின் வெற்றியாக மட்டும் வாசிப்பதில்லை. சாதிக் கொடுமையின் சான்றாகவும் வாசிக்கின்றனர். அருளாளரின் உடல் வேதனை எல்லாவற்றையும் இறைவன் பெயரில் எழுதிவிட முடியாது என்பதற்கு நந்தனார் வரலாறு எடுத்துக்காட்டாகும்.

மாணிக்கவாசகரின் உருக்கம்

மதுரைக்கு அருகிலுள்ள திருவாதவூரில் பிறந்து பாண்டியனிடம் அமைச்சராக இருந்த மாணிக்கவாசகர், திருப்பெருந்துறையில் குருவைக் கண்டு ஆட்கொள்ளப்பட்டார். இவருடைய காலம் ஒன்பதாம் நூற்றாண்டு என்பது பலரும் ஏற்கும் கருத்து. தம் இறுதிக் காலத்தைத் தில்லையில் கழித்தார். அங்கு அவர் திருவாசகத்தைச் சொல்லச் சொல்ல இறைவனே ஏட்டில் எழுதினார் என்பதும், பொருள் கேட்ட அந்தணர்க்கு நடராசரையே பொருளாகச் சுட்டி மறைந்தார் என்பதும் மரபுச் செய்திகள்.

திருவாசகத்தில் கண்ணீர், நாத்தழுதழுத்தல், மெய் நடுக்கம், மயிர்க்கூச்செறிதல் ஆகியன மீண்டும் மீண்டும் வருகின்றன. இவை காட்சியின் அச்சத்தால் எழுந்தவை அல்ல, பிரிவால் எழுந்தவை. குரு ஒருமுறை தோன்றி, அடியார் பிறரை உடன் அழைத்துக்கொண்டு, இவரை மட்டும் உலகில் விட்டுச் சென்றார் என்பது அவருடைய தீராத துயரம். 50 பாடல்கள் கொண்ட நீத்தல் விண்ணப்பம் முழுவதும் 'கைவிட்டு விடாதே' என்ற ஒரே வேண்டுதலின் விரிவு எனலாம்.

எபிரேயத் தீர்க்கதரிசிகளிடம் காணப்படாத ஒரு வேதனையும் இவரிடம் உண்டு. இவ்வளவு பெரிய அருளைப் பெற்றும் தம் உள்ளம் போதிய அளவு உருகவில்லையே என்பதே அது. நெஞ்சு கல்லோ, கண் மரமோ என்ற பொருளில் திருச்சதகத்தில் தம்மையே நொந்துகொள்கிறார். எரேமியா தாங்க முடியாத நெருப்பைப் பற்றி முறையிட்டார். மாணிக்கவாசகர் தம்மிடம் நெருப்புப் போதவில்லை என்று முறையிட்டார்.

கிறித்தவ மறைப்பணியாளரான ஜி. யு. போப் 1900-ஆம் ஆண்டில் திருவாசகத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 80. விவிலியத்தைக் கற்பித்து வாழ்ந்த ஒருவர் முதுமையில் இப்பணியை நிறைவு செய்தது, இரு மரபுகளும் ஒருவர் உள்ளத்திலேயே சந்திக்கக் கூடியவை என்பதைக் காட்டுகிறது.

இராமலிங்க அடிகளின் நடுக்கம்

வள்ளலார் எனப்படும் இராமலிங்க அடிகள் 1823-ஆம் ஆண்டு அக்டோபர் 5 அன்று மருதூரில் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோது பெற்றோர் சிதம்பரத்திற்கு எடுத்துச் சென்றதாகவும், திரை விலகியபோது தாம் உண்மையைக் கண்டதாகவும் பின்னாளில் பாடினார். சென்னையில் வளர்ந்து, தம் முப்பதுகளின் நடுவில் அந்நகரை விட்டுக் கருங்குழியில் தங்கினார்.

முற்காலத்து அருளாளர்களைப் பற்றிப் பிறர் எழுதியவையே மிகுதி. வள்ளலார் தம் உடல், மன நிலைகளைத் தாமே விரிவாக எழுதியவர். ஆறாம் திருமுறையில் உள்ள பிள்ளைப் பெரு விண்ணப்பம் இவ்வகையில் அரிய ஆவணம் ஆகும். தந்தையிடம் பிள்ளை முறையிடும் முறையில், தாம் அஞ்சியவற்றையெல்லாம் வரிசைப்படுத்துகிறார். ஆந்தை, காகம் முதலியவற்றின் குரல் கேட்டு நடுங்கியது, உயிர்க்கொலை கண்டு பதறியது, பசித்தவரையும் நோயாளரையும் கண்டு துடித்தது, நல்ல உணவு கிடைத்தபோதும் உண்ண அஞ்சியது ஆகியன அதில் உள்ளன. வாடும் பயிரைக் கண்டு தாமும் வாடியதாக அவர் கூறும் புகழ்பெற்ற செய்தியும் இப்பகுதியில்தான் வருகிறது. அதைத் தனியே எடுத்து மேற்கோள் காட்டும்போது அது மென்மையான இரக்கமாகத் தோன்றும். முழு விண்ணப்பத்தோடு சேர்த்து வாசித்தால், உறக்கத்தையும் உணவையும் குலைத்த நெடுங்கால வேதனையின் ஒரு பகுதி அது என்பது தெளிவாகும். ஆறாம் திருமுறை அவர் வாழ்ந்த காலத்தில் அச்சாகவில்லை. 1885-ஆம் ஆண்டிலேயே வெளிவந்தது.

அவருடைய மாணவர் தொழுவூர் வேலாயுத முதலியார் 1882-ஆம் ஆண்டில் பிரம்மஞான சபையினரிடம் அளித்த வாக்குமூலத்தில் ஆசிரியரின் தோற்றத்தை விவரித்துள்ளார். எலும்புக்கூடு போல மெலிந்த உடல், ஆயினும் நிமிர்ந்த நடை, விரைந்து நடக்கும் வலிமை, இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை சிறிதளவு உணவு என்பன அவர் தரும் விவரங்கள்.

எரேமியாவைப் போலவே வள்ளலாரும் எதிர்ப்பைச் சந்தித்தார். அவர் பாடல்களை 'அருட்பா' என்று அழைப்பதை எதிர்த்து யாழ்ப்பாணத்து ஆறுமுக நாவலர் 1869-ஆம் ஆண்டில் போலியருட்பா மறுப்பு வெளியிட்டார். இப்பூசல் கடலூர் மஞ்சக்குப்பம் நீதிமன்றம் வரை சென்றது. தம் கருத்தை உலகம் ஏற்கவில்லையே என்ற ஏக்கம் அவருடைய இறுதிக்கால உரைகளில் வெளிப்படுகிறது. 1874-ஆம் ஆண்டு சனவரி 30 அன்று மேட்டுக்குப்பம் சித்திவளாகத்து அறைக்குள் சென்று கதவைத் தாழிட்டுக்கொண்டார். அவர் மறைந்த செய்தி 1878-இல் வெளியான தென்னார்க்காடு மாவட்டக் கையேட்டிலும் இடம்பெற்றுள்ளது. அன்பர்கள் இதனை ஒளியுடல் பெற்றதாகப் போற்றுகின்றனர்.

வேதனையிலிருந்து அடுப்பு வரை

வள்ளலாரின் தனிச்சிறப்பு அவருடைய வேதனை எங்கே சென்று முடிந்தது என்பதில் உள்ளது. சீவகாருணிய ஒழுக்கம் என்னும் உரைநடை நூலில் பசி மனித உடலை என்ன செய்யும் என்பதை மருத்துவர் நோய்க்குறி எழுதுவதுபோல் விவரிக்கிறார். கண் மங்குதல், காதடைத்தல், நா வறளுதல், கைகால் சோர்தல், அறிவு கலங்குதல் என்று அது நீளும். பிற்கால ஓவியங்களும் படங்களும் அருளாளரின் மெலிவைப் புனிதமாகக் காட்டுவதுண்டு. ஏழையின் மெலிவில் வள்ளலார் புனிதம் எதையும் காணவில்லை. அதை உடனே நீக்க வேண்டிய நோயாகவே கண்டார்.

1867-ஆம் ஆண்டு மே 23 அன்று வடலூரில் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். பார்வதிபுரம் என்று அப்போது அழைக்கப்பட்ட அவ்வூர் மக்கள் நிலம் வழங்கினர். அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையாமல் காக்கப்படுகிறது. தென்னிந்தியாவை உலுக்கிய தாது வருடப் பஞ்சம் 1876-ஆம் ஆண்டில் தொடங்கியது. அதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னரே அந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. சத்திய ஞானசபை திறக்கப்பட்டது 1872-ஆம் ஆண்டு சனவரி 25 அன்று. சோதி காட்டும் சபை எழுவதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே சோறு போடும் சாலை எழுந்துவிட்டது என்ற வரிசை கவனிக்கத்தக்கது.

சூரைச்செடியின் கீழ்ச் சாக விரும்பிய எலியாவுக்கு முதலில் உணவு, பிறகு உறக்கம், அதன் பின்னரே மலைக்காட்சி. வடலூரிலும் வரிசை அதுவே.

ஒப்பீடு

1. வேதனையின் ஊற்று: எபிரேயத் தீர்க்கதரிசிக்கு வாக்கு வெளியிலிருந்து வருகிறது, பெரும்பாலும் அவர் அதை விரும்புவதில்லை. தமிழ் அருளாளர் காட்சியைத் தாமே நாடுகிறார். கிடைக்காதபோதும் பிரிந்தபோதும் வருந்துகிறார். நாவுக்கரசரின் சூலை மட்டும் இவ்விரண்டிற்கும் இடைப்பட்டது.

2. வேதனையின் நோக்கு: எரேமியாவின் கண்ணீர் தம் மக்களின் அழிவுக்காக, மாணிக்கவாசகரின் கண்ணீர் தம் குருவுக்காக, வள்ளலாரின் நடுக்கம் பயிர் உட்பட எல்லா உயிர்களுக்காக.

3. உடலின் பங்கு: எசேக்கியேலின் உடல் மக்களுக்குக் காட்டப்படும் அடையாளம். தமிழ் மரபில் உடல் உள்ளத்தின் மெய்ப்பாடு. வள்ளலார் உடலையே அழியாமல் காக்க வேண்டிய ஒன்றாகக் கருதினார்.

4. முறையிடும் உரிமை: இரு மரபுகளிலும் வலியைப் பேசாமல் பொறுப்பது கடமை என்று கூறப்படவில்லை. எரேமியாவும் நாவுக்கரசரும் இறைவனிடமே வழக்காடினர். அவ்வழக்குகள் மறைநூல்களாகவே பாதுகாக்கப்பட்டுள்ளன.

ஆய்வு நோக்கு

நவீன காலத்தில் இவ்வனுபவங்களை மனநோயாக விளக்க முயன்றோர் உண்டு. செருமானிய மனநல மருத்துவரும் மெய்யியலாளருமான கார்ல் யாசுபர்சு 1947-இல் எசேக்கியேலைப் பற்றி இந்நோக்கில் கட்டுரை எழுதினார். பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒருவரை நூலை மட்டும் வைத்துக்கொண்டு நோய் கணிப்பது இயலாது என்பது இதற்கு எதிரான வாதம். யூத அறிஞர் ஆபிரகாம் எசல் 1962-இல் வெளியான தம் நூலில் வேறொரு விளக்கம் தந்தார். தீர்க்கதரிசி இறைவனின் துயரத்தைத் தம் துயரமாக உணர்பவர். பிறர் சிறிது என்று கடந்துபோகும் அநீதி அவருக்குப் பேரழிவாகத் தெரிகிறது என்பது அவர் கருத்து. வாடிய பயிர் கண்டு வாடியவரைப் பற்றிய விளக்கமாகவும் இதனைக் கொள்ளலாம்.

இவ்வரலாறுகளைக் கற்கும் மாணவர்கள் இரண்டு தவறான முடிவுகளைத் தவிர்க்க வேண்டும். உடலை வருத்திக்கொண்டால் அருள் கிட்டும் என்பது ஒன்று. கயிலை வழியில் நாவுக்கரசர் தடுக்கப்பட்டதும் எலியாவுக்கு உணவு கொடுக்கப்பட்டதும் இதை மறுக்கின்றன. உண்ணாமல், உறங்காமல், சாவை விரும்பிப் பேசுபவரை அருள் பெற்றவர் என்றோ பைத்தியம் என்றோ பெயரிட்டு ஒதுக்கிவிடலாம் என்பது மற்றொன்று. நூல்கள் காட்டும் வழி அதுவன்று. அத்தகையவர் அருகில் ஒருவர் இருக்க வேண்டும். உணவும் உறக்கமும் தர வேண்டும். இன்றைய நிலையில் மருத்துவரிடமும் அழைத்துச் செல்ல வேண்டும். நோயோடு நள்ளிரவில் வந்து நின்ற தம்பியைத் திலகவதியார் முதலில் விசாரணை செய்யவில்லை; ஏற்றுக்கொண்டார்.

இன்றைய நினைவிடங்கள்

திருவதிகை வீரட்டானேசுவரர் கோயில், திருப்பாதிரிப்புலியூர்ப் பாடலீசுவரர் கோயில், பெண்ணாகடம் பிரளயகாலேசுவரர் கோயில், சிதம்பரம் நடராசர் கோயில் ஆகியன நாயன்மார் வரலாறுகளோடு தொடர்புடையவை. மருதூர், கருங்குழி, வடலூர், மேட்டுக்குப்பம் ஆகியன வள்ளலாரின் நினைவிடங்கள். தைப்பூசத்தன்று வடலூர் ஞானசபையில் ஏழு திரைகள் நீக்கிச் சோதி காட்டப்படுகிறது. அதனைக் காண்பதற்குப் பெருந்திரளாக மக்கள் வருகின்றனர். தருமச்சாலையில் பசித்து வருபவர்க்கு ஆண்டு முழுவதும் உணவு வழங்கப்படுகிறது.